பட்டறையிற் பிறந்த இந்திரசாலம்: ராபர்ட் ஹூடின் சரித்திரம்

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் முதலிய இடங்களில் நம்மவர் இல்லங்கட்கு யாம் செல்லுந்தோறும், பெற்றோர் எம்பாற் கூறும் குறை ஒன்றுண்டு. பையன் படித்தவனாயிருந்தும் எழுதுகோலை விட்டு உளியை நாடுகிறான். நாற்காலியில் அமர வேண்டியவன் பட்டறையில் நின்று மரத்தூளிற் புரள்கிறான் என்பதே அக்குறை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் யாம் அவனுக்குப் புத்தி புகட்ட வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றனர். இதற்கு யாம் விடை கூறுதலினும், தம் தந்தைக்கு இதே கவலையை உண்டாக்கிய பெரியார் ஒருவரின் வரலாற்றை எடுத்துரைத்தல் நலமெனக் கருதுகின்றோம்.

பிரான்சு தேசத்துப் புளுவா என்னும் ஊரில் 1805ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ழான் யூழேன் ராபர்ட் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழிலாளர். பட்டறையிற் தவழ்ந்த குழந்தைக்கு அரமும் குறடுமே விளையாட்டுப் பொருள்களாயின. ஆயினும், தாம் பட்ட பாடு மகன் படலாகாதென எண்ணிய தந்தையார், அவரை ஓர்லியன் நகரத்துக் கல்லூரியிற் படிப்பித்து, பத்திரம் எழுதும் அதிகாரி ஒருவரிடம் எழுத்தராக அமர்த்தினார். அவ்வதிகாரியின் இல்லத்திற் பறவைக் கூண்டொன்று இருந்தது. இளைஞரோ பத்திரங்களை மறந்து, அக்கூண்டிற் சிறு சிறு பொறிகளைப் பொருத்துவதிலேயே பொழுதைப் போக்கினார். அது கண்ட அதிகாரி வெகுளவில்லை. தந்தையாரிடம் பேசி, மகனை அவன் மனம் நாடிய தொழிலிலேயே விடுமாறு இணங்கச் செய்தார். அதன்பின் உறவினர் ஒருவரிடம் கடிகாரத் தொழில் கற்கத் தொடங்கினார். பிள்ளையின் கையை உற்று நோக்கியறிந்த அப்பெருந்தகையை நம்மவர் நினைவிற் கொள்வாராக.

தொழில் பயிலுங்கால் ஒரு நாள் கடிகார நூல் வாங்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் கைதவறிக் கட்டிக்கொடுத்த நூல்களோ செப்பிடுவித்தைகளை விளக்குவனவாயிருந்தன. திருப்பிக் கொடுக்க மனமின்றி இரவெல்லாம் படித்தார் என்று தம் சரித்திரத்தில் அவரே எழுதியுள்ளார். 1830இல், பாரிஸ் நகரத்துக் கடிகாரத் தொழிலாளர் ஹூடின் என்பாரின் மகளை மணந்து, மாமனார் பெயரையும் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

பின்னர், எழுதவும் படம் வரையவும் வல்ல பதுமை ஒன்றைச் செய்ய முற்பட்டார். முகத்தைச் சிற்பி ஒருவர் செதுக்கித் தர, அது தேவாலயத்துத் திருவுருவம் போன்றிருந்தமையால், அதனையும் தாமே செய்யத் துணிந்தார். முடிந்தபின் நோக்கின், தம் முகச்சாயலே அதில் அமைந்திருந்ததாம். அப்பதுமை 1844ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது.

1845ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் நாள், பாரிஸ் அரண்மனைச் சோலையையடுத்துத் தமக்கென அமைத்த சிறு அரங்கில் முதற் காட்சி நடத்தினார். அந்நாளைய வித்தைக்காரர் பலர் தரை வரை துணி தொங்கும் பெரு மேசைகளை வைத்து, உள்ளே ஆளை ஒளித்து வைப்பது வழக்கம். இவரோ அத்துணிகளை அகற்றி, கால்கள் நன்கு தோன்றும் மெல்லிய மேசைகளை இட்டார். ஒளிக்க இடமில்லையென அவையோர் நம்பினர். அவ்வாறு தோன்றும்படி செய்தற்கு எத்துணைக் கணக்கும் பொறுமையும் வேண்டுமென்பதை, மரவேலை அறிந்த நம்மவர்க்கு யாம் விரித்துரைத்தல் வேண்டா. அவர் செய்த ஆரஞ்சு மரம் அவையோர் கண்முன்னே பூத்துக் காய்த்தது. உலோகத்தாலாய கிளைகளில், இலைகளின் மறைவில் மெய்யான கனிகள் முன்னரே செருகப்பட்டிருந்தன. இலைகள் விலகக் கனிகள் தோன்றின.

1847இல் தம் இளைய மகனை, ஒரு கோலின்மீது முழங்கையை மட்டும் ஊன்றச் செய்து, அந்தரத்திற் படுக்க வைத்தார். இவ்வித்தைக்கு நம் சென்னையிலேயே முன்னோடி உண்டு. 1830ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், சேஷால் என ஆங்கிலேயர் குறித்த முதியவர் ஒருவர் இந்நகரத்தில் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். நான்கு முளைகளிற் பொருத்திய பலகை, அதன்மீது பித்தளைக் குழியில் நிறுத்திய மூங்கில், அதன்மேல் தோல் போர்த்த கைதாங்கி ஆகிய இவையே அவர் கருவிகள். மூங்கிலினுள்ளும் தோலினுள்ளும் இரும்புச் சட்டம் மறைந்து, ஆடைக்குள் இருக்கும் ஆசனத்தைத் தாங்கியது என்பர் அறிந்தோர். சேஷாலின் பெயர் இலண்டன் பத்திரிகை வரை சென்றது. அப்பலகையை இழைத்த தச்சர் யார், அவ்விரும்பை வளைத்த கொல்லர் யார் என எழுதினார் ஒருவருமிலர். ஹூடினோ பொறி செய்தவரும் மேடையில் நின்றவரும் தாமேயாதலின், உழைப்பும் புகழும் ஒருவரிடமே சேர்ந்தன.

இனி, அவர் வாழ்விற் படிந்த நிழலையும் மறைத்தல் முறையன்று. சிறுவனும் தூக்கத்தக்க பெட்டி ஒன்று, அவர் குறித்த கணத்தில் வலியோனாலும் அசைக்க முடியாததாகும். பெட்டியின் அடியில் இரும்புத் தகடும், மேடையின்கீழ் மின்காந்தமும் இருந்தன. 1856இல் பிரெஞ்சு அரசாங்கத்தார் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பி, அந்நாட்டு மக்கள் தம் ஆட்சிக்கு அஞ்சுமாறு இவ்வித்தையைக் காட்டச் செய்தனர். களிப்பூட்டப் பிறந்த பொறி ஒரு நாட்டாரை அடக்கும் கருவியாயிற்று. தொழில் வல்லோர் தம் கைத்திறன் எதற்குப் பயன்படுகிறதென்பதையும் எண்ணுதல் வேண்டும்.

மேடையை விட்டபின் புளுவாவை அடுத்த தம் இல்லத்தில் மின்சாரக் கடிகாரங்களும் தாமே இயங்கும் கதவுப் பொறிகளும் அமைத்து வாழ்ந்தார். தம் வித்தைகளை நூலாகவும் எழுதினார். 1870ஆம் ஆண்டுப் போரில் மகனை இழந்த துயருடன், 1871ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் காலமானார். அவர் பெயர் தாங்கிய அரங்கை 1888இல் வாங்கிய மேலியேஸ் என்பாரே பின்னர்த் திரைப்படத்தில் விந்தைகள் புரிந்தார். ஹூடினி என்னும் அமெரிக்க வித்தைக்காரர் தம் பெயரை இவர் பெயரினின்றே அமைத்துக்கொண்டார்.

பெற்றோர்களே! நும் மகன் உளியைத் தேடுவானாயின் கல்வியை நிறுத்திவிடுமாறு யாம் கூறவில்லை. ஹூடினும் கல்லூரியிற் கற்றவரே. அக்கல்வி அவரை நூல் எழுத வைத்தது. படிப்பைக் கொடுங்கள்; பட்டறைக் கதவையும் அடையாதீர்கள். காசிமேட்டிற் படகு கட்டும் கையும், திருவொற்றியூரில் தேர்ச் சக்கரம் திருத்தும் கையும் தலைமுறை பல கடந்து வந்தவை. அக்கையுடன் கல்வியும் சேருமாயின், செய்தவன் பெயர் சேஷாலின் தச்சரைப் போல மறைந்து போகாது.