கண்ணாடிக்குள் ஒரு கடல்

நுழையும் முன்

புனே நகரின் கிழக்கே உள்ள ஹடப்சர் கடற்கரை ஊர் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால், தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்த ஊர் அது. எனினும், அங்கு வாழும் ஒருவர் தம் வீட்டு மேசைமீது கடல்மீன்களை வளர்க்க இயலும். அதற்காகக் கடலிலிருந்து ஒரு குடம் நீர்கூடக் கொண்டுவர வேண்டியதில்லை. இவ்வழியைக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் அலைச்சலும்

பிலிப் ஹென்றி காஸ் 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றோவியங்கள் தீட்டி வாழ்ந்தவர். வருவாய் குறைந்த குடும்பம். பூல் என்னும் துறைமுக ஊரில் வளர்ந்த காஸ், கடலையும் கப்பல்களையும் கண்டு களித்தார். தந்தையிடமிருந்து வரையும் திறனைப் பெற்றார்.

1827ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து தீவில் ஒரு வணிக நிறுவனத்தின் எழுத்தராகப் பணியேற்றார். 1832இல் நுண்ணோக்கி பற்றிய பழைய நூலொன்றை வாங்கினார். அந்நூல் அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. பகலில் கணக்கு எழுதியவர், ஓய்வு நேரங்களில் பூச்சிகளைத் தேடி அவற்றின் உருவங்களை வரையலானார்.

1835இல் கனடாவின் கியூபெக் பகுதியில் நிலம் வாங்கிப் பயிர் செய்தார். மூன்றாண்டு உழைப்பும் பயன் தரவில்லை. 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளி ஆசிரியரானார். அங்கு நிலவிய அடிமை முறையின் கொடுமை அவரை வருத்தியது. 1839இல் தாயகம் திரும்பியபோது அவர் கையில் பொருள் இல்லை, குறிப்பேடுகளே இருந்தன. அக்குறிப்புகள் 1840இல் கனடாவின் இயற்கை வளம் பற்றிய நூலாக வெளிவந்தன. பின்னர், 1844 முதல் 1846 வரை ஜமைக்கா தீவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848இல் எமிலி என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான்.

கடல் அழைத்தது

ஓயாத எழுத்துப் பணியால் காஸின் உடல்நலம் குன்றியது. எனவே, 1852இல் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குச் சென்றார். அலை வற்றும் வேளையில் அங்குள்ள பாறைக்குழிகளில் தெளிந்த நீர் தேங்கி நிற்கும். அந்நீரில் கடற்சாமந்திகளும் இறால்களும் கிண்ணம்போன்ற சிறு பவளங்களும் வாழ்ந்தன. அவற்றை உயிரோடு வீட்டில் வைத்து ஆராய அவர் விரும்பினார்.

இம்முயற்சியில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1832இல் சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்பிரே பவர் என்னும் பெண்மணி, கடலுயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். 1846இல் ஆனா தின் என்னும் பெண்மணி கடற்கரையிலிருந்து பவளங்களை இலண்டனுக்குக் கொண்டு சென்று வளர்த்தார். நீரில் காற்று கலப்பதற்காக, அதனைப் பலமுறை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு ஊற்றச் செய்தார்.

சிறு கலத்தில் அடைபட்ட கடல்நீர் விரைவில் கெட்டுவிடும். அதிலுள்ள உயிர்களும் மடிந்துவிடும். இதுவே அனைவரும் எதிர்கொண்ட இடர். நீர்த்தாவரங்கள் ஒளியின் உதவியால் உயிர்வளியை வெளியிடும் என்பதை அக்கால அறிவியலாளர்கள் அறிந்திருந்தனர். காஸ் இக்கருத்தைக் கடல்நீர்த் தொட்டியில் செயற்படுத்தினார். பாசி படர்ந்த பாறைத் துண்டுகளை உளியால் பெயர்த்துத் தொட்டியில் இட்டார். பாசி நன்கு நிலைபெற்ற பின்னரே விலங்குகளை விட்டார்.

1853ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குரிய கடலுயிர்கள் பலவற்றைக் காஸ் திரட்டித் தந்தார். 1854இல் அவர் எழுதிய 'அக்குவேரியம்' என்னும் நூல் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்த அச்சொல், அந்நூலுக்குப் பின் மீன்தொட்டியைக் குறிக்கும் பெயராக உலகெங்கும் பரவியது.

உப்பிலிருந்து கடல்

கடலுக்கு அண்மையில் வாழ்வோர் நினைத்தபோது நீரை மாற்றலாம். உள்நாட்டில் வாழ்வோர் என்செய்வர்? காஸ் இவ்வினாவிற்கும் விடை தேடினார். கறியுப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் உரிய அளவில் நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் ஆக்கினார். அதில் முதலில் பாசியையும் பின்னர் விலங்குகளையும் விட்டு வளர்த்துக் காட்டினார். 1856இல் இலண்டன் அரசவைக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

புகழும் துயரும்

1857இல் மனைவி எமிலி புற்றுநோயால் மறைந்தார். காஸ் சிறுவனான மகனுடன் டெவனில் குடியேறினார். தம் கைப்பட வரைந்த வண்ணப்படங்களுடன் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றிய பெருநூலை 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்.

இதற்கிடையே அவருடைய நூல்கள் எதிர்பாராத விளைவையும் தந்தன. அவற்றைப் படித்தவர்கள் கூடையும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குத் திரண்டனர். பாறைகளைப் பெயர்த்தனர், உயிர்களை அள்ளிச் சென்றனர். அவ்வுயிர்களுள் பல வளர்க்கும் முறை அறியாதவர்களின் தொட்டிகளில் மாண்டன. சில ஆண்டுகளில் எழில்மிக்க பாறைக்குழிகள் வெறுமையாயின. கடலின்மீது அன்பை வளர்க்க எழுதிய நூல்களே அதன் அழிவுக்குத் துணையாயின என்பதை உணர்ந்து காஸ் பெரிதும் வருந்தினார். 1907இல் எட்மண்ட் எழுதிய 'தந்தையும் மகனும்' என்னும் நூல் இதனைப் பதிவு செய்துள்ளது. காஸ் 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மறைந்தார்.

இன்று நாம் கற்பது

அவர் தொடங்கிய கலை நம் நாட்டிலும் வேரூன்றியது. 1909இல் சென்னைக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் கடைகளில் கிடைக்கும் உப்புக் கலவையைக் கொண்டே உள்நாட்டினர் கடல்நீர் ஆக்குகின்றனர். ஒரு லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ 35 கிராம் கலவை வேண்டும். கறியுப்பு மட்டும் போதாது.

புதிதாகத் தொட்டி அமைப்பவருக்குப் பொறுமையே முதல் தேவை. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்கு முன் மீனை விடலாகாது. கோடையில் நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, குறைந்த அளவிற்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். சிறிய தொட்டியில் நீரின் தன்மை விரைந்து மாறுமாதலால் நாள்தோறும் கவனிப்புத் தேவை.

மற்றொரு கடமையும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. இன்று இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் கடற்குதிரைகளையும் காக்கிறது. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே, செயற்கைப் பாறைகளை அடுக்கி, பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களை வளர்ப்பதே தகும். காஸ் தம் முதுமையில் வருந்திக் கண்ட உண்மையை நாம் தொடக்கத்திலேயே அறிந்து நடக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

சிற்றோவியம் – மிகச் சிறிய அளவில் தீட்டப்படும் ஓவியம்
கலம் – பாத்திரம்
உயிர்வளி – ஆக்சிஜன்
இடர் – துன்பம், தடை
பேதியுப்பு – மக்னீசியம் சல்பேட்டு

பயிற்சி

1. தாயகம் திரும்பிய காஸின் கையில் இருந்த செல்வம் எது? அது எவ்வாறு பயன்பட்டது?
2. தொட்டியில் விலங்குகளுக்கு முன் பாசியை இட்டதன் காரணம் யாது?
3. 40 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ எத்தனை கிராம் உப்புக் கலவை தேவை?
4. ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றினால் என்ன நேரும்?
5. பிரித்து எழுதுக: கடற்கரை, நன்னீர், பாறைக்குழி.
6. நன்னோக்கத்துடன் செய்த செயலும் தீங்கு தரக்கூடும் என்பதை இப்பாடத்தின் துணைகொண்டு எட்டு வரிகளில் எழுதுக.