வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

பாதரச விளக்கின் நிறமாலையை அளக்கும் செய்முறை நம் ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான். 4358 ஆங்ஸ்ட்ராம் நீலக் கோட்டைப் பார்க்கிறோம், கோணத்தைக் குறிக்கிறோம், மதிப்பெண் பெற்றதும் மறந்துவிடுகிறோம். அதே கோட்டைக் கொண்டு மூலக்கூறின் அதிர்வையே அளக்க வழிகண்டவர்களுள் ஒருவர் நம் பக்கத்துக் கிராமத்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கல்லூரிப் படிப்பு. பின்னர் வேதியியல் செய்முறைப் பயிற்சியாளராகச் சென்னையில் பணி. அங்கே மதிய இடைவேளையில் மாணவர்களோடு அமர்ந்து, அவர்கள் கேட்டதற்கெல்லாம் விளக்கம் தருவாராம். அறிவுத் தாகம் அவரைக் கல்கத்தாவுக்கு, பேராசிரியர் சி. வி. இராமனிடம் அழைத்துச் சென்றது.

தூசு சிறிதும் இல்லாதபடி திரவங்களைத் தூய்மை செய்து, ஒளியைச் செலுத்தி, சிதறும் மங்கலான ஒளியை இருட்டறையில் கண்ணால் நோக்க வேண்டும். சுமார் 60 திரவங்களில் இவ்வாறு சோதித்தனர். 1928 பிப்ரவரி 28 அன்று புதிய ஒளி நிறமாலைமானியில் தெளிவாயிற்று. இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது.

அதன் பொருள் என்ன? மூலக்கூறின் அதிர்வு ஆற்றல் படிப்படியாகவே உயரும். மேலே விழும் ஒளியிடமிருந்து ஒரு படிக்கான ஆற்றலை மூலக்கூறு எடுத்துக்கொண்டால், சிதறும் ஒளியில் அவ்வளவு குறையும். பென்சீன் வளையம் விரிந்து சுருங்கும் அதிர்வுக்கு அக்குறைவு சென்டிமீட்டருக்கு 992 அலையெண். ஆகவே 4358இல் விழுந்த ஒளியின் ஒரு சிறு பங்கு ஏறத்தாழ 4555இல் வெளிவரும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் துடிப்பை அந்த இடைவெளி சொல்லிவிடுகிறது!

1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது; விளைவும் அவர் பெயரையே பெற்றது. கிருஷ்ணன் சோர்ந்து அமரவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். விடுதலை பெற்ற நாட்டில், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

நண்பர்களே! என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிராமத்தில் பிறந்தோமே, நமக்கு ஆராய்ச்சி எட்டுமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. அடுத்த முறை அந்த நீலக் கோட்டைப் பார்க்கும்போது வத்திராயிருப்பை நினைத்துக்கொள்வேன். பெயர் நிலைப்பது நம் கையில் இல்லை. அளவைத் திருத்தமாக எடுப்பது நம் கையில் உள்ளது.