கல்மரம் ஆராய்ந்த சாஹ்னி

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் மீனும் இறைச்சியும் வெட்டுவதற்குப் பருத்த அடிமரக் கட்டைகளை வைத்திருப்பர். மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் அமைந்திருக்கும். மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் குறுகும். நம் நாட்டு மரங்கள் பலவற்றில் இவை மங்கலாகவே தோன்றும். தேக்கில் நன்கு விளங்கும்.

அம்மார்க்கெட்டிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் திருவக்கரை என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை என்பர் அறிஞர். நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் ஊறி இறுகிற்று. வேரும் கிளையும் போயின, வளையங்களோ அழியவில்லை. அவற்றுள் ஊசியிலை மரக் குடும்பத்தைச் சார்ந்த ஒரு மரமும் உண்டு. 1931-ஆம் ஆண்டில் இந்தியக் கல்மரங்களை மறுபடியும் ஆராய்ந்து, அம்மரத்தை மெசம்பிரியாக்சிலான் என்னும் இனத்தில் சேர்த்தவர் பீர்பால் சாஹ்னி. அதன் உறவு மரம் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இன்றும் அரிதாக வளர்கின்றது.

சாஹ்னி 1891 நவம்பர் 14-இல், இப்பொழுது பாகிஸ்தானிலுள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ருசிராம் லாகூரில் வேதியியல் பேராசிரியர். அவர் விடுமுறைகளில் மைந்தரை இமயமலைக்கு அழைத்துச் செல்வார். செடிகொடிகளில் சாஹ்னிக்குப் பற்று மிகுந்தது அந்நடைகளினால்தான் எனலாம். 1911-இல் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, சீவர்டு என்னும் பேரறிஞரிடம் பயின்றார். தாயகம் திரும்பியபின், 1921-இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியரானார். 1936-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

தொல்தாவரங்களை ஆராய்வதற்கெனத் தனி நிலையம் ஒன்று வேண்டுமென்பது அவரது நெடுநாள் வேட்கை. 1949 ஏப்ரல் 3-இல் பிரதமர் நேரு லக்னோவில் அதற்கு அடிக்கல் நாட்டினார். அவ்வடிக்கல்லிலேயே கல்லான தாவரங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு வாரந்தான் கழிந்தது. ஏப்ரல் 10-இல் மாரடைப்பினால் சாஹ்னி மறைந்தார். சுவர் எழும்பக்கூட இல்லை. துணைவியார் சாவித்திரி அம்மையார் மனந்தளராது பொறுப்பேற்றுக் கட்டடத்தை முடித்தார். இன்று அவர் பெயர் தாங்கிய அந்நிலையத்தில் தேக்கு, தேவதாரு முதலிய மரங்களின் வளையங்களை நுண்பெருக்கியில் அளந்து, மழைமானி தோன்றாத காலத்து மழையையும் வறட்சியையும் கணக்கிட்டு வருகின்றனர்.