எழுத்தறியாதவர் தந்த எழுத்து

1828 மே 6-ம் தேதி வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு பக்கம் அமெரிக்க அரசு. மறுபக்கம் செரோக்கி என்ற தொல்குடி மக்களில் ஆர்கன்சா பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தவர்களின் பிரதிநிதிகள். தொல்குடிகளோடு அமெரிக்கா போட்ட பழைய உடன்படிக்கைகளைப் பார்த்தால், அவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கும். நம்மூர்ப் பழைய பத்திரங்களில் கைநாட்டு இருப்பதுபோல. இந்த உடன்படிக்கையிலும் சிலர் பெருக்கல் குறிதான் இட்டார்கள். ஆனால், வேறு சிலர் தங்கள் சொந்த மொழியில், சொந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அந்த எழுத்தே உலகத்தில் இல்லை. அதை உருவாக்கியவரும் அன்று கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவர் பெயர் செக்வோயா. வெள்ளையர்கள் ஜார்ஜ் கெஸ் என்று அழைத்தார்கள்.

1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய டென்னசி மாநிலத்தில் லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் இருந்த டஸ்கீகி என்ற சிற்றூரில் பிறந்தவர். தாய் வூட்டே, செரோக்கிப் பெண். தந்தை ஒரு வெள்ளையர் என்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. மகன் வளர்ந்தபோது அவர் உடன் இல்லை. இதை ஒரு குறையாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். செரோக்கிகளிடம் குலம் தாய்வழியில் வருவது. தாய் யாரோ அவர் குலம்தான் பிள்ளைக்கும். தாயின் வீட்டில், தாய்மொழி மட்டும் பேசி வளர்ந்தார் செக்வோயா. ஆங்கிலம் கடைசிவரை அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஒரு கால் ஊனம். வேட்டைக்கும் ஓட்டத்துக்கும் ஒத்துவராத உடம்பு. அதனால்தானோ என்னவோ, கைத்தொழிலில் இறங்கினார். வெள்ளி வேலை செய்தார். கொல்லுப்பட்டறையும் வைத்தார்.

வெள்ளையர்களோடு பழகிய இடத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் காகிதத்தில் ஏதோ கிறுக்கி அனுப்புகிறார்கள். நூறு மைல் தள்ளி இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, எழுதியவரின் மனதில் இருந்ததை அப்படியே சொல்கிறார். செரோக்கிகளில் பலர் இதை மந்திரம் என்றார்கள். கடவுள் வெள்ளையருக்குப் புத்தகத்தையும் தங்களுக்கு வில்லையும் கொடுத்ததாகச் சமாதானம் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. எழுத்து இன்னாருக்குத்தான் என்று ஆண்டவனே எழுதிவைத்துவிட்டான் என்கிற கதை எங்கெல்லாம் புழங்கியது என்று நமக்குத் தெரியும். செக்வோயா அந்தக் கதையை ஏற்கவில்லை. இது மனிதர் செய்த வேலை, மனிதர் செய்ததை இன்னொரு மனிதரும் செய்யலாம் என்பது பட்டறைக்காரரின் புத்தி. 1809 வாக்கில் வேலையைத் தொடங்கினார்.

முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று வரைந்தார். மரத்துக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று. குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. தான் வரைந்ததைத் தானே நினைவில் வைக்க முடியவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது, பட்டறை நெருப்பு அணைந்தது. ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி ஒரு நாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் தீயில் போட்டுவிட்டார் என்று செரோக்கிகள் சொல்வார்கள். அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே.

இடையில் 1813-14-ல் ஒரு போர். கிரீக் என்ற இன்னொரு தொல்குடியின் ஒரு பிரிவுக்கு எதிராக அமெரிக்கப் படையோடு சேர்ந்து செரோக்கிகள் போரிட்டார்கள். தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன். செக்வோயாவும் அந்தப் படையில் இருந்தார். வெள்ளைச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், வந்த கடிதத்தைப் படித்தார்கள். செரோக்கி வீரர்களுக்கு இரண்டும் இல்லை. திரும்பி வந்தவர் முன்னைவிடத் தீவிரமானார் என்கிறார்கள். ஜாக்சன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

பிறகுதான் வழி பிடிபட்டது. சொல்லை விட்டுவிட்டு ஓசையைக் கவனித்தார். எத்தனை சொற்கள் இருந்தாலும் அவற்றைக் கட்டும் ஓசைத்துண்டுகள் நூற்றுக்கும் குறைவுதான் என்று கண்டார். தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் உயிர்மெய் போல, ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஓசைக்கு ஓர் எழுத்து. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. நமக்குக் க, கா, கி என்று வரிசையாக வரும்போது அடிப்படை உருவம் ஒன்றாகவே இருக்கும். செக்வோயாவின் எழுத்தில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி உருவம். மொத்தம் 86 எழுத்துகள், பிறகு 85 ஆயின. சில உருவங்களை ஆங்கிலப் புத்தகத்தில் இருந்து எடுத்துக்கொண்டார். ஓசை என்னவென்று அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ஆங்கிலத்தின் ‘டி’ வடிவம் அங்கே ‘அ’. ‘ஹெச்’ வடிவம் ‘மி’. ஆங்கிலம் தெரிந்த ஒருவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது எங்கள் ஐயம்.

1821-ல் வேலை முடிந்தது. முதல் மாணவி அவருடைய மகள் அயோக்கா. ஆறு வயதுச் சிறுமி என்று சொல்வார்கள். அப்பாவும் மகளும் ஏதோ சூனியம் செய்வதாக ஊரில் பேச்சு எழுந்தது. பெரியவர்கள் கூடிச் சோதித்தார்கள். இருவரையும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில் நிறுத்தினார்கள். பெரியவர்கள் சொன்னதை அவர் எழுத, மகள் படித்துக் காட்டினாள். பிறகு மகள் எழுத, அவர் படித்தார். அதன்பின் சந்தேகம் தீர்ந்தது. தாய்மொழியாகப் பேசுபவர் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கற்றுக்கொள்ளக்கூடிய எழுத்து அது. பள்ளிக்கூடம் வேண்டாம், சம்பள வாத்தியார் வேண்டாம். சில ஆண்டுகளுக்குள் செரோக்கிகளில் பெரும்பகுதியினர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். 1825-ல் செரோக்கி அரசு இதைத் தன் எழுத்தாக ஏற்றது. அவருக்கு வெள்ளிப் பதக்கம் செய்து அனுப்பியது. 1827-ல் எழுத்து வடிவில் அரசமைப்புச் சட்டம் வந்தது. 1828 பிப்ரவரி 21-ல் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவில் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற செய்தித்தாள் வெளியானது. பாதி ஆங்கிலம், பாதி செரோக்கி. ஆசிரியர் எலியாஸ் பூடினாட் என்ற செரோக்கி இளைஞர்.

உடன்படிக்கைக்கு வருவோம். ஆங்கிலேயரும் பிறகு அமெரிக்கரும் தொல்குடிகளோடு போட்ட உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்கு இடையே போடப்படுபவை. 1871-ல் நிறுத்தும்வரை அமெரிக்க அரசு அப்படித்தான் போட்டது. அதாவது, எதிரே இருப்பவர் ஒரு நாடு என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்து வாங்கியது. 1828 உடன்படிக்கைப்படி ஆர்கன்சா நிலத்தை விட்டுக்கொடுத்து, மேற்கே இன்றைய ஓக்லஹோமாவில் நிலம் பெற்றார்கள். செரோக்கிகளுக்கு அச்சகம் அமைக்க 1,000 டாலர், எழுத்தைக் கண்டுபிடித்தவருக்கு 500 டாலர் என்றும் அதில் இருந்தது. ஊர் திரும்பியபோது நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. எழுத்து தந்தவர் என்பதற்காக அவருடைய கையெழுத்தை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அவரும் புதிய நிலத்துக்குப் போய், சாலிசா பக்கத்தில் மரக்கட்டைகளால் வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

கிழக்கே தங்கியவர்களுக்கு நேர்ந்தது கொடுமை. ஜாக்சன் இப்போது அமெரிக்காவின் குடியரசுத் தலைவர். 1830-ல் தொல்குடிகளை மேற்கே அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். செரோக்கி நிலத்தில் தங்கம் கிடைத்திருந்தது. அதை ஜார்ஜியா மாநிலம் சீட்டுக் குலுக்கி வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுத்தது. செரோக்கி எழுத்தில் அச்சிட உதவிய வொர்சஸ்டர் என்ற பாதிரியார், மாநில உரிமம் இல்லாமல் அங்கே குடியிருந்ததாகச் சிறையில் அடைக்கப்பட்டார். 1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. நிலத்தில் ஒன்றும் மாறவில்லை.

1835-ல் பூடினாட் உள்ளிட்ட ஒரு சிறு குழுவினர் மக்களின் அரசின் ஒப்புதல் இல்லாமல் நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் எதிர்ப்பு மனு போனது. இருந்தும் அமெரிக்க செனட் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அதை ஏற்றது. 1838-ல் துப்பாக்கி முனையில் வீடுகளில் இருந்து இழுத்து, முகாம்களில் அடைத்து, மேற்கே நடத்தினார்கள். ஏறத்தாழ 16 ஆயிரம் பேரில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. கண்ணீரின் பாதை என்று அதற்குப் பெயர்.

வந்து சேர்ந்தவர்களுக்கும் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் மோதல் வந்தது. பூடினாட் உட்பட நிலத்தை எழுதிக்கொடுத்த தலைவர்கள் மூவர் 1839 ஜூனில் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அந்த நேரத்தில் இரு தரப்பையும் ஒன்றாக்க நின்றவர்களில் செக்வோயா முக்கியமானவர். ஜூலையில் எழுதப்பட்ட ஒற்றுமைச் சட்டத்தில் மேற்குச் செரோக்கிகளின் தலைவராக அவர் பெயர் இருக்கிறது. அப்போது வயது எழுபதை நெருங்கிவிட்டது. 1842-ல் மகனையும் சிலரையும் அழைத்துக்கொண்டு, மெக்சிகோவுக்குப் போய்விட்ட செரோக்கிகளைத் தேடிப் புறப்பட்டார். 1843-ல் அங்கேயே இறந்தார். கல்லறை எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போக இந்தப் பத்தியால் முடியாது. செரோக்கிகளில் வசதி படைத்தவர்கள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1835 கணக்கெடுப்பில் அப்படி இருந்தவர்கள் சுமார் 1,600 பேர். கண்ணீரின் பாதையில் அவர்களும் நடந்தார்கள், அதுவும் அடிமைகளாகவே. 1827 அரசமைப்பு அவர்களுக்கு உரிமை தரவில்லை. ஒடுக்கப்பட்டவருக்குக் கீழேயும் ஒருவரை வைக்கிற ஏணி அங்கேயும் இருந்தது. 1866-ல் அமெரிக்காவோடு போட்ட உடன்படிக்கை, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் செரோக்கிகளுக்கு உள்ள எல்லா உரிமைகளையும் தந்தது. 2007-ல் வாக்கெடுப்பு நடத்தி அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 2017-ல் நீதிமன்றம் 1866-ன் அந்தத் தாளைக் காட்டித் திருப்பிக் கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து, செரோக்கி உச்ச நீதிமன்றமே ரத்த உறவு என்ற சொல்லைத் தன் அரசமைப்பில் இருந்து நீக்க உத்தரவிட்டது. பழைய உடன்படிக்கைகளை மாணவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைக் காட்டலாம். 1835 உடன்படிக்கையிலும் ஒரு வாக்குறுதி உண்டு: அமெரிக்க நாடாளுமன்றத்தில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி. அதைக் கேட்டு 2019-ல் அவர்கள் தங்கள் பிரதிநிதியின் பெயரை அறிவித்தார்கள்.

அதே 2019-ல் தங்கள் மொழிக்கு நெருக்கடி நிலையையும் அறிவித்தார்கள். அப்போது சரளமாகப் பேசியவர்கள் சுமார் 2,000 பேர்தான், பெரும்பாலும் முதியவர்கள். தாய்மொழி பேசினால் அடி விழுந்த உறைவிடப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. இப்போது செரோக்கி வழியில் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறார்கள். கைபேசியிலும் கணினியிலும் 85 எழுத்துகளும் இருக்கின்றன.

அவர் பிறந்த டஸ்கீகி இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. டெலிகோ அணை கட்டியபோது, மூதாதையரின் ஊர்களும் புதைகுழிகளும் மூழ்கும் என்று செரோக்கிகள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 1979-ல் மதகை மூடினார்கள். நீர்த்தேக்கத்தின் கரையில் அவர் பெயரில் செரோக்கிகள் ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள்.