மெச்னிகோவும் தயிர்க் கிண்ணமும்

வடநாட்டிற்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதலில் தேடுவது தயிர்ச் சாதத்தைத்தான். நானும் அதற்கு விலக்கல்ல. சென்ற ஆண்டு ஓர் இரவு, விடுதி மெஸ்ஸில் தயிர்ச் சாதத்தைக் கேலி செய்த நண்பர்களிடம் மார்தட்டிப் பேசினேன். தயிரின் பெருமையைக் கண்டு சொன்னதற்காகவே மெச்னிகோவ் என்ற அறிஞருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று சாதித்தேன். அருகில் இருந்த மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், அந்தப் பரிசு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நூலகத்தில் பார்த்துவிட்டு வரும்படி அமைதியாகச் சொன்னார். பார்த்தேன், வெட்கித் தலை குனிந்தேன். பரிசு தயிருக்கு அன்று! விஞ்ஞானம் பயிலும் நான், காதில் விழுந்ததை ஆராயாமல் பேசிவிட்டேன். அதற்குக் கழுவாயாக அம்மேதையின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்கிறேன்.

இலியா மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். கார்கிவ் பல்கலைக் கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். இளம் வயதிலேயே ஒடெசாவில் பேராசிரியரானார். அறிவு வளர்ந்தது, வாழ்வு இனிக்கவில்லை. முதல் மனைவி லுட்மிலா காசநோயாளி. திருமணத்தன்று அவரை நாற்காலியில் வைத்தே கோயிலுக்குத் தூக்கிச் சென்றார்களாம். 1873-இல் அவர் மறைந்தார். துயரம் தாங்காத மெச்னிகோவ் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார், பிழைத்தார். பின்னர் ஓல்காவை மணந்தார். ஓல்காவைக் கடுங்காய்ச்சல் வாட்டியது. பல்கலைக் கழகத்திலும் குழப்பங்கள் மிகுந்தன. 1881-இல் மீண்டும் மனம் உடைந்து, நோய்க்கிருமி கொண்ட இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். அப்பொழுதும் பிழைத்தார்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். உலகம் அவரை எதற்காக நினைக்கிறதோ, அது அனைத்தும் இந்த இரண்டு இருட்டுக்கும் பின்னர் வந்ததே. வீட்டை விட்டு வெகு தொலைவில் தனிமையில் வாடும் நம்முள் எவருக்கேனும் மனம் தளர்ந்தால், அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள். விடியல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் அறிவார்?

அவருக்கு அது மெசினாவில் வந்தது. 1882-இல் வேலையைத் துறந்து, சிசிலித் தீவில் உள்ள அந்நகரில் தங்கியிருந்தார். ஒரு நாள் குடும்பத்தார் அனைவரும் குரங்கு வித்தை பார்க்கச் சென்றிருந்தனர். தனியாக இருந்த மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீனின் இளம்புழுவை நுண்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதனுள் சில அணுக்கள் ஊர்ந்து திரிந்தன. அந்நியப் பொருள் உள்ளே புகுந்தால் இவை எதிர்த்து நிற்குமோ என்று ஓர் எண்ணம் மின்னியது. தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களை எடுத்து அப்புழுக்களுள் செருகினார். இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் பார்த்தால், முட்களைச் சுற்றி அந்த அணுக்கள் மொய்த்து நின்றன! நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்களிற் சில கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்ற உண்மை இவ்வாறு பிறந்தது. நோபல் பரிசு இதற்குத்தான். 1908-இல் அதனை ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் தயிர் எங்கே வந்தது? 1888 முதல் மெச்னிகோவ் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். மனிதன் ஏன் மூப்படைகிறான் என்ற கேள்வி அங்கே அவரைப் பற்றிக்கொண்டது. பெருங்குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் உணவை அழுகச் செய்கின்றன. அந்த நஞ்சே மூப்பை விரைவாக்குகிறது என்று கருதினார். பால் புளித்தால் அழுகுவதில்லை அல்லவா? ஆகவே புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் குடலுக்கு அனுப்பினால் அழுகல் அடங்கும் என்பது அவர் முடிவு. தயிரை நிறைய உண்ணும் பல்கேரிய உழவர்கள் நெடுநாள் வாழ்வதாக அன்று பேசப்பட்டது. 1905-இல் பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் ஜெனீவாவில் அத்தயிரின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். மெச்னிகோவ் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். 1907-இல் நீண்ட ஆயுளைப் பற்றி நூலும் எழுதினார். ஐரோப்பாவில் தயிருக்கு மவுசு பிறந்தது. அவரோ 1916-இல் எழுபத்தொன்றாம் வயதில் இதய நோயால் காலமானார்.

தயிர் நூறாண்டு தரவில்லை. யேல் பல்கலைக் கழகத்தில் நடந்த ஆராய்ச்சி, அந்தப் பல்கேரிய நுண்ணுயிர் மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்று 1921-இல் காட்டியது. மூப்பைப் பற்றிய அவர் கொள்கையும் நிற்கவில்லை. எனினும் கேள்வி நின்றது. குடலில் வாழும் நுண்ணுயிர்களை உணவால் மாற்றி நலம் பெறலாமா என்று இன்று உலகமெங்கும் ஆராய்கிறார்கள். போதிய அளவில் உயிரோடு உட்கொண்டால் உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் புரோபயாட்டிக் என்கிறோம். நம்மால் செரிக்க இயலாமல் குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகி நமக்கு நலம் தரும் பொருள்கள் பிரிபயாட்டிக். இப்பெயர் 1995-இல் தோன்றியது. வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் ஆகியவற்றில் அத்தகைய நார்ப்பொருள் உண்டு. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலங்களுள் ஒன்று பெருங்குடல் அணுக்களுக்கே உணவாகிறது. விருந்தாளியை அழைத்தால் மட்டும் போதுமா? இலையும் போட வேண்டாமா?

நம் வீட்டுத் தயிர்? அதிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்வதற்கு அவை துணை செய்கின்றன. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்று அளந்து நன்மையை மெய்ப்பித்தாலன்றி அதைப் புரோபயாட்டிக் என்று சொல்ல விஞ்ஞானம் ஒப்பாது. கொதிக்கும் மோர்க்குழம்பிலோ அவை மடிந்தே போகின்றன! நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாட்டிக் மாத்திரைகளை உண்ணலாகாது.

மெச்னிகோவின் சாம்பல் பாஸ்டர் நிலைய நூலகத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கொள்கையில் வென்று, மற்றொன்றில் தோற்று, இரண்டாலும் உலகை ஒரு படி முன்னே நகர்த்தியவர் அவர். நான் இன்றும் தயிர்ச் சாதத்தை விடவில்லை. யாரேனும் கேலி செய்தால் நோபல் பரிசை இழுப்பதில்லை. எனக்குப் பிடிக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கூடவே கொஞ்சம் சின்ன வெங்காயத்தையும் கடித்துக்கொள்கிறேன்.