பப் பரிசோதனை தந்த பப்பனிக்கொலாவ்

பப் பரிசோதனை என்பதில் வரும் பப் ஒரு மனிதரின் பெயர்ச்சுருக்கம். அவர் ஜோர்ஜ் பப்பனிக்கொலாவ். பெண்களுக்கெனத் தோன்றிய கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூருவது பொருத்தமென எண்ணினோம்.

1883இல் கிரேக்கத்தின் கைமி என்ற ஊரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஏதென்சில் மருத்துவமும் மியூனிக்கில் விலங்கியலும் கற்றார். 1913இல் மனைவி அன்ட்ரொமாக்கியுடன் நியூயோர்க்கில் வந்திறங்கினார். வயிற்றுப்பாட்டுக்காக அவர் கடையொன்றில் கம்பளம் விற்க, மனைவி பொத்தான் தைத்தார். புலம்பெயர்ந்த எம் தோழியருக்கு இக்கதை புதிதல்ல.

பின்னர் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆய்வுக்குக் கினிப்பன்றியின் சூல் முதிரும் வேளையை அறிய வேண்டியிருந்தது. விலங்கைக் கொன்று பார்ப்பதே அன்றைய வழி. அவரோ மூக்கினுள் பார்க்கும் சிறு கருவியைக் கொண்டு யோனியிலிருந்து தினமும் சிறிது கசிவை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உள்ளே சூலகம் செய்வதைக் கலங்கள் வெளியே சொல்லின. ஈஸ்ட்ரஜன் உயர்ந்தால் கருவற்ற தட்டைக் கலங்கள்; சூல் வெளியேறிய பின் வெண்குருதிக் கலங்கள். 1917இல் இது வெளியானது.

1922இல் லோங்கும் எவன்சும் இதே முறையால் எலியின் சூலக வட்டம் நான்கைந்து நாள்களே எனக் காட்டினர். மறுவருடம் அலனும் டொய்சியும் சூலகம் அகற்றிய எலிகளுக்குச் சூலகப் புடைப்பின் திரவத்தை ஏற்றினர். சூலகமே இல்லாத எலியில் தட்டைக் கலங்கள் மீண்டும் தோன்றின! அத்திரவத்தில் ஓமோன் உண்டென்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. மருத்துவபீடத்தில் நாங்கள் மனனம் செய்த ஓமோன் வரைபடங்களுக்கு அடியில் இருப்பது இந்த எலிதான்.

பப்பனிக்கொலாவ் மனிதரிடம் திரும்பினார். தினமும் மாதிரி கொடுத்தவர் அன்ட்ரொமாக்கி. அவர் ஆய்வுகூடத்திலும் கூடவே உழைத்தார். அவரது பங்கு போதியளவு பேசப்படவில்லை என்பது எமது எண்ணம். வேறு பெண்களின் மாதிரிகளில் புற்றுநோய்க் கலங்கள் கண்ணிற்பட்டன. 1928இல் அதை அறிவித்தார். பெரிதாக எவரும் கணக்கெடுக்கவில்லை. 1943இல் ட்ராவுட்டுடன் நூல் வெளியிட்ட பின்னரே உலகம் செவிமடுத்தது. அந்தப் பதினைந்து வருடங்களில் காப்பாற்றியிருக்கக்கூடிய பெண்களை எண்ணினால் மனம் கசக்கிறது. 1962இல், 78ஆம் வயதில் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை.

எமது நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் உண்டு. ஆயினும் படித்த எம்மவரே வெட்கத்தாலும் வேலைப்பளுவாலும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய தோழியர் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். பணம் கட்டத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்போர் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.