மறக்கப்பட்டவருக்கு ஒரு திருநாள்

ஆண்டுதோறும் ஏப்பிரல் 4 அல்லது 5ஆம் நாளில் சீன மக்கள் தம் முன்னோரின் கல்லறைகளுக்குச் செல்கின்றனர். புல்லைக் களைந்து, மண்ணைக் கூட்டி, உணவு படைத்து வணங்குகின்றனர். சிங்மிங் எனப்படும் இந்நாளோடு பிணைந்து நிற்பது ஓர் அகதியின் வரலாறு. அவர் பெயர் ஜியே சிதுய்.

கி.மு. 655இல் ஜின் நாட்டில் அரியணைப் பூசல் மூண்டது. தந்தையின் படைக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடினான் இளவரசன் சொங் ஏர். உடன்சென்ற சிலருள் ஜியே சிதுயும் ஒருவர். அலைந்த காலம் 19 ஆண்டுகள். வெய் நாட்டில் அவர்கள் சோறு கேட்டபோது உழவன் ஒருவன் மண்கட்டியை நீட்டினானாம். பசியால் துவண்ட இளவரசனுக்கு ஜியே சிதுய் தம் தொடைத் தசையை அரிந்து சமைத்துக் கொடுத்தார் என்கிறது மரபுக்கதை.

கி.மு. 636இல் சின் நாட்டின் துணையோடு சொங் ஏர் நாடு திரும்பி அரியணை ஏறினான். உடனிருந்தோர்க்குப் பதவியும் பரிசும் வழங்கினான். ஜியே சிதுயை மறந்தான். அவரும் கேட்கவில்லை. வானத்தின் செயலைத் தம் சாதனையென உரிமை கொண்டாடுவது திருட்டு என்பது அவர் கொள்கை. முதிய தாயோடு மலைக்காட்டில் மறைந்தார். தவறுணர்ந்த அரசன் தேடியும் அவர் அகப்படவில்லை. வெளிவரச் செய்யக் காட்டுக்குத் தீ மூட்டினர் என்றும், தாயும் மகனும் ஒரு மரத்தடியில் எரிந்து கிடந்தனர் என்றும் கதை முடிகிறது.

பழைய நூலான சுவோ சுவானில் தீயும் இல்லை. தொடைத் தசையும் இல்லை. மறதி மட்டும் இருக்கிறது. தன் பிழைக்கு அடையாளமாக அரசன் அவர் பெயரால் நிலம் ஒதுக்கிய செய்தியும் உண்டு. தீ, பின்வந்த மக்கள் சேர்த்தது.

அந்தத் தீயை நினைந்து மக்கள் அடுப்பு மூட்டாது ஆறிய உணவு உண்டனர். இன்றைய சான்சிப் பகுதியில் நடுக்குளிரில் ஒரு மாதம் இவ்வாறிருந்து முதியோரும் சிறுவரும் மாண்டனர். ஆதலால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆளுநர் சோ ஜூ சூடான உணவுக்குத் திரும்புமாறு பணித்தார். ஆயினும் வழக்கம் அழியவில்லை. கி.பி. 732இல் தாங் பேரரசு அந்த ஆறிய உணவு நாளிற் கல்லறை வழிபாட்டை முறைப்படி ஏற்றது. காலப்போக்கில் அது சிங்மிங்கோடு கலந்தது. 2008இல் சீனாவில் பொது விடுமுறையும் ஆயிற்று.

ஊரிலுள்ள கல்லறைகளைக் கூட்டித் துடைக்க வழியற்ற நமக்கு இவ்வரலாறு அந்நியமன்று. நம்மோடு நடந்து, நமக்கு ஊட்டி, எதுவும் கேளாது ஒதுங்கியோர் நம்மிடையேயும் உளர். இறந்தபின் எடுக்கும் திருநாளைவிட, இருக்கும்போதே அவர்களைத் தேடிச் செல்வது நம் கடன்.